எதிர் நாற்காலியில் டூப்பு

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு, காரிமங்கலம் போகிற வழியில் நெடுஞ்சாலையோரம் இருக்கும் ஓர் ஓட்டலுக்குப் போய், யாராவது பிரபலம் சாப்பிட வருகிறாரா என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஏதோ ஒரு நாள் தற்செயலாக அல்ல. பல மாதங்கள், வாராவாரம். வயது ஐம்பத்தாறு. சட்டைப்பையில் ஒரு சீப்பு வேறு. உலக இலக்கியம் பற்றி மேடையில் பேசியிருக்கிறேன், நாலு பேர் சிரிக்கும்படி பத்திரிகைகளில் எழுதியும் இருக்கிறேன். அதெல்லாம் அந்தச் சீப்புக்கு முன்னால் ஒன்றுமில்லாமல் போய்விட்டது.

இதற்குக் காரணம் சினிமா மோகம் என்று நீங்கள் நினைத்தால் எனக்குக் கொஞ்சம் கௌரவமாகவே இருக்கும். உண்மைக் காரணம் என் மனைவி.

மகளின் பிரசவத்துக்காகப் பெங்களூர் போனவள் அவள். மூன்று மாதத்தில் திரும்புவதாக ஏற்பாடு. குழந்தை பிறந்து, குப்புற விழுந்து, தவழ்ந்து, நடந்து, இப்போது வீட்டு வேலை செய்யும் அம்மாவிடம் கன்னடத்தில் "நீரு பேக்கு" என்று தண்ணீர் கேட்கிற அளவுக்கு வளர்ந்துவிட்டது. மகளும் மருமகனும் காலையில் அலுவலகம் போனால் இருட்டிய பிறகுதான் வருகிறார்கள். குழந்தையை யாரிடம் விடுவது? நியாயமான கேள்வி. எனக்கு வேலை தர்மபுரியில். ஓய்வு பெற இன்னும் காலம் இருக்கிறது. அதுவும் நியாயம்தான். இப்படி எல்லாமே நியாயமாக இருந்ததால் யாரையும் குறை சொல்ல வழியில்லாமல் போயிற்று. நாங்கள் சண்டை போட்டிருந்தாலாவது சமாதானம் என்று ஒன்று வந்திருக்கும். அவள் வரமாட்டேன் என்று சொல்லவில்லை. நான் வா என்று சொல்லவில்லை. தமிழில் அதைவிடச் சின்னதாக ஒரு வினைச்சொல் செய்ய முடியாது. அது எனக்கு வாயில் வரவில்லை.

தினமும் மாலை போன் மட்டும் உண்டு.

"சாப்டீங்களா?"

"ஆச்சு. நீ?"

"ஆச்சு. என்ன வெச்சீங்க?"

"ரசம்."

"நேத்தும் ரசம்தானே?"

"அதேதான்."

பிறகு இரண்டு பக்கமும் டிவி சத்தம் கேட்கும். அவள் பக்கம் சீரியல். என் பக்கம் செய்தி. நான் செய்தி பார்ப்பதில்லை. வீட்டில் ஒரு மனிதக் குரல் இருக்கட்டும் என்று போட்டு வைப்பதுதான். "சரி, வெக்கறேன்" என்பாள். வைத்துவிடுவாள்.

இப்படி இருந்தபோது ஒருநாள் கிருஷ்ணகிரியில் ஒரு துக்கத்துக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில் பஸ் நின்றுபோய், அந்த ஓட்டலில் டீ குடிக்க ஒதுங்கினேன். மூலை மேசையில் ஒரு சிரிப்பு நடிகர். ஊரே அவரைப் பார்த்துச் சிரிக்கும், அவரோ பரோட்டாவை நீதிபதி தீர்ப்பு எழுதுவது போன்ற முகத்தோடு பிய்த்துக்கொண்டிருந்தார். அன்று மாலை போனில் ரசத்துக்குப் பிறகு சொல்ல வேறு எதுவும் இல்லாததால் இதைச் சொன்னேன்.

"ஐயோ, நெசமாவா? எப்பிடி இருந்தாரு? குட்டையா? பக்கத்துல போனீங்களா? ஏய், இங்க வாடி, உங்கப்பா யாரைப் பாத்தாராம் கேளு!"

மகள் வந்தாள். ஸ்பீக்கர் போட்டார்கள். பரோட்டாவுக்கு என்ன தொட்டுக்கொண்டார் என்பது வரைக்கும் விசாரணை நடந்தது. குழந்தைகூட ஏதோ கேட்டது. நான் அந்தப் பரோட்டாவைப் பற்றி ஒரு சிறுகதை அளவுக்குப் பேசினேன். போனை வைத்தபோது சீரியல் நேரம் தாண்டிப் போயிருந்தது. அவள் சீரியலை விட்டுவிட்டு என்னோடு பேசியிருக்கிறாள். இது எங்கள் கல்யாணமான புதிதில்கூட நடந்ததில்லை.

அப்புறம் என்ன, அடுத்த ஞாயிறு ஸ்கூட்டர் தானாக அந்தப் பக்கம் திரும்பியது. பெங்களூரிலிருந்து சேலம், கோயமுத்தூர், மதுரை எங்கே போனாலும் இந்தச் சாலையில் வந்துதானே ஆகவேண்டும்? எல்லோருக்கும் பசிக்கும்தானே? என் திட்டம் இவ்வளவுதான்.

ஆனால் எனக்கு ஒரு வியாதி உண்டு. பிரபலங்களைப் பார்த்தால் தெரியாதவன் போல இருந்துவிடுவேன். ஊரே ஓடிப்போய்ச் செல்ஃபி எடுக்கும்போது ஒருவன் மட்டும் கண்டுகொள்ளாமல் டீ குடிக்கிறானே, யார் இந்த நாகரிகமான மனிதன் என்று அவர்கள் வியந்து தாமாகவே எழுந்து வந்து பேசுவார்கள் என்று ஒரு நம்பிக்கை. இதுவரை ஒருவரும் வியந்ததில்லை. ஒருமுறை பெரிய வயலின் வித்வான் ஒருவர் கை கழுவ வந்தார். பக்கத்துக் குழாயில் நான், மிகுந்த நாகரிகத்தோடு சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இங்க சோப்பு இல்லீங்களா?" என்றார்.

"இல்லீங்க" என்றேன்.

எனக்கும் கர்நாடக சங்கீதத்துக்கும் இடையில் நடந்த ஒரே உரையாடல் இது. அன்றைக்கு இதை வைத்துத்தான் மனைவியிடம் வெகுநேரம் பேசினேன். கடைசியில் அவள், "பக்கத்துக் கடைல ஒரு சோப்பு வாங்கிக் குடுத்திருக்கலாமில்ல, பாவம்?" என்றாள். எனக்குத் தோன்றவில்லை. பக்கத்தில் இருப்பவருக்கு என்ன வேண்டும் என்பது எனக்குப் பொதுவாகத் தோன்றுவதில்லை.

ஓட்டல் முதலாளியை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். கல்லாவில் உட்கார்ந்தபடியே வருகிற வண்டியை வைத்து ஆளை எடை போடுகிறவர். இரண்டு மூன்று வாரத்தில் என் நோக்கத்தைப் புரிந்துகொண்டார். எதற்காக என்பது மட்டும் அவருக்குத் தெரியாது. நான் உள்ளே நுழையும்போதே, "நேத்து வந்திருக்கணுமுங்க சார், அந்த டான்ஸ் மாஸ்டரு வந்தாரு. ஒரு நாள் கடத்திட்டு வர்றீங்களே" என்று வருத்தப்படுவார். பிரபலங்கள் பெரும்பாலும் சனிக்கிழமையே பசியாறிவிடுகிறார்கள் என்று தெரிந்தது.

இந்த வேட்டையில் ஒரு பெரிய சிக்கல் இருந்தது. பங்குனி, சித்திரை வந்தால் எங்கள் பக்கம் ஊருக்கு ஊர் மாரியம்மன் பண்டிகை. பண்டிகை என்றால் ஆர்க்கெஸ்ட்ரா. ஆர்க்கெஸ்ட்ரா என்றால் டூப்பு. பெரிய நடிகர்கள், பாடகர்கள் எல்லோருக்கும் அச்சு அசலாக ஒருவர் உண்டு. அவர் வந்து ஆடுவார், பாடுவார், கையசைப்பார். ஊருக்கே அவர் டூப்பு என்று தெரியும். தெரிந்துகொண்டே விசில் அடிக்கும். ஏரியூர்ப் பண்டிகையில் ஒரு நடிகரும் பென்னாகரத்தில் அதே நடிகரும் ஒரே நேரத்தில் ஆடியதாகப் பேச்சு உண்டு. யாரும் அதைத் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. இந்த டூப்புகளின் வேன்களும் இதே சாலையில்தான் போகும். இதே ஓட்டலில்தான் நிற்கும்.

போன பங்குனியில் அப்படி ஒருவரிடம் மாட்டினேன். கறுப்புக் கண்ணாடி, அதே மீசை, அதே நடை. வியாதியை அடக்கிக்கொண்டு, வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு நட்சத்திரத்தோடு நின்று படம் எடுத்து, குடும்பக் குழுவில் போட்டேன். 'எளிமையான மனிதர்' என்று கீழே ஒரு வரி வேறு. மருமகன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். எங்களுக்குப் பின்னால் நின்ற வேனில் ஆர்க்கெஸ்ட்ராவின் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. எளிமைக்குக் காரணம் புரிந்துவிட்டது. குழுவில் சிரிக்கிற பொம்மைகளாக வந்து விழுந்தன. மனைவி எதுவும் போடவில்லை. அன்று மாலை போனில் ரசத்தோடு முடித்துக்கொண்டாள். அவளுடைய ஆர்வத்தை நான் ஒரு டூப்பிடம் கொண்டுபோய்த் தொலைத்துவிட்டேன் என்று இருந்தது. அதற்கப்புறம் பல வாரங்கள் யாரும் வரவில்லை, அசலும் இல்லை நகலும் இல்லை. கட்டிலில் அவள் படுக்கும் பக்கத்தில் புத்தகங்களை அடுக்கி வைத்திருந்தேன். படிப்பதற்கல்ல. அந்தப் பக்கம் காலியாக இருந்தால் தூக்கத்தில் கை போய் ஏமாந்து வருகிறது.

சித்திரையில் ஒரு ஞாயிறு. வெயில் தார் ரோட்டை உரித்துக்கொண்டிருந்தது. பாய் கல்லாவிலிருந்தே கையைக் காட்டினார்.

"சார், உங்க ஆளு ஒருத்தரு வந்திருக்காருங்க. பாட்டுக்காரரு டூப்பு."

அவர் சொன்ன பாட்டுக்காரர் யார் என்று சொன்னால் உங்களுக்கும் ஒரு பாட்டு நினைவுக்கு வரும். என் மனைவிக்கு அவர் குரல் என்றால் உயிர். சோறு வடிக்கும்போது அவருடைய ஒரு பாட்டை முணுமுணுப்பாள். பல்லவி முடிவதற்கும் கஞ்சி வடிவதற்கும் சரியாக இருக்கும்.

"எந்த ஊரு பண்டிகைக்காம்?"

"கேக்கலீங்க. பாலக்கோடு பக்கம் பண்டிகைக்கு சாமி சாட்டியிருக்காங்க, அங்க எங்கியாச்சும் இருக்கும். வந்ததும் வராததுமா ஃபேனை நிறுத்தச் சொல்லிட்டாருங்க, தொண்டைக்கு ஆவாதாம். இந்த வெய்யில்ல! ஒரிஜினலு வந்தாக்கூட இந்த அலட்டல் அலட்ட மாட்டாருங்க."

பார்த்தேன். டூப்பு என்பதில் எனக்கும் சந்தேகம் வரவில்லை. டூப்புகளை நிறையப் பார்த்துப் பழகியவர்களுக்கு ஒன்று தெரியும்: டூப்பு அசலைவிட அசலாக இருப்பார். இவர் அந்த அளவுக்கு இல்லை. முடியின் அடி வெளுத்திருந்தது. டிவியில் பார்ப்பதைவிடச் சின்ன உருவம். கட்டம் போட்ட அரைக்கைச் சட்டை, கழுத்தைச் சுற்றி ஒரு துண்டு. மூக்கு சரியாக அமையவில்லை. ஏதோ சுமாரான டூப்பு, கிடைத்த காசுக்கு வருகிறவர் என்று முடிவு கட்டினேன்.

ஓட்டல் நிறைந்திருந்தது. அவருக்கு எதிர் நாற்காலி மட்டும் காலி. ஃபேன் இல்லாத மேசையில் யார் உட்காருவார்கள்? நான் உட்கார்ந்தேன். டூப்பு என்பதால் என் வியாதி வரவில்லை.

"எத்தனை வருசமா பண்றீங்க?" என்றேன்.

"எதை?"

"இதைத்தான். அவரா வர்றதை."

தயிர்சோற்றில் கரண்டி நின்றது. என்னை ஒருமுறை பார்த்தார். "நாப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு" என்றார். குரல் கம்மியிருந்தது.

"அடேங்கப்பா. அவரை நேர்ல பாத்திருக்கீங்களா?"

"காலைல சவரம் பண்ணும்போது பாக்கறேன்."

தொழிலில் இவ்வளவு ஊறியவரை நான் பார்த்ததில்லை. மனம் திறந்து பாராட்டினேன். "தப்பா நெனைக்கக் கூடாது, மூக்குதான் கொஞ்சம் ஒத்து வரலை" என்றும் சொன்னேன்.

"எனக்கும் அதுல ஒரு குறைதான்" என்றார். வருத்தப்பட்ட மாதிரி தெரியவில்லை.

நல்ல மனிதராக இருந்தார். அவருடைய ஓட்டுநர் அடுத்த மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவசரம் எதுவும் இல்லை. எங்கள் வீட்டில் அவங்களுக்கு உங்க ஒரிஜினல் என்றால் பைத்தியம் என்று ஆரம்பித்தேன். "அவங்க வரலையா?" என்று கேட்டார். பெங்களூரில் இருப்பதைச் சொன்னேன். எப்போது வருவார்கள் என்றார்.

அந்தக் கேள்வியை அதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. அலுவலகத்தில் "பேரன் எப்பிடி இருக்கான்" என்று கேட்பார்கள். சொந்தக்காரர்கள் "உங்களுக்கென்ன, ஃப்ரீ பேர்டு" என்பார்கள். எதிரே இருந்தவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பதிலுக்காகக் காத்திருந்தார். நான் சொல்ல ஆரம்பித்தேன். நிஜ மனிதரிடம் சொல்லக் கூச்சமாக இருக்கிற விஷயங்களை ஒரு நகலிடம் சொல்வதில் என்ன கூச்சம்? சாயங்காலம் பூட்டைத் திறக்கும் சத்தம் எனக்கு எப்படிக் கேட்கிறது என்று சொன்னேன். செய்தி வாசிப்பவர் "வணக்கம்" என்றதும் ஒருநாள் நானும் வணக்கம் என்று சொல்லிவிட்டதைச் சொன்னேன். கட்டிலில் இருக்கும் புத்தகங்களைச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கே வந்து உட்கார்வதையும், அது எதற்காக என்பதையும் சொன்னேன். அவள் வந்துவிட்டால் போதும், வேறெதுவும் வேண்டாம் என்றேன். வியர்வை வழிந்துகொண்டிருந்தது. ஃபேன் இல்லாதது ஒருவிதத்தில் நல்லதாகப் போயிற்று. எது எதனால் நனைகிறது என்று யாருக்கும் தெரியாது.

"இதை அவங்ககிட்ட சொன்னீங்களா?" என்றார்.

"எதை?"

"இப்ப எங்கிட்ட சொன்னதை."

"அதெப்பிடிங்க சொல்றது?"

அவர் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். "போன் போடுங்க. நான் அவங்ககிட்ட ரெண்டு வார்த்தை பேசறேன். வேணும்னா ஒரு வரி பாடறேன்."

நான் பதறிவிட்டேன். "வேண்டாங்க, வேண்டாங்க. ஏற்கெனவே ஒரு டூப்பை நம்பிச் சிரிப்பா சிரிச்சுப்போச்சு. அவ காது பொல்லாத காதுங்க. உங்க குரல் அவர் குரலுக்குப் பக்கத்துலகூட வராது, தப்பா நெனைக்காதீங்க."

அவர் சிரித்தார். தோள் குலுங்க, சத்தமே வராமல், வெகுநேரம். எழுந்தபோது என் தோளில் கையை வைத்து, "அப்ப நீங்களே பேசுங்க. உங்க குரல்தான் அவங்களுக்குத் தெரியுமே" என்றார். அவர் ஏறிப் போன கார் ஒரு டூப்புக்குச் சற்று அதிகம்தான். வாடகையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

மாலை போனில் சொன்னேன். முன்னெச்சரிக்கையாக முதலிலேயே டூப்பு என்று சொல்லிவிட்டேன். அவள் அசிரத்தையாகத்தான் கேட்டாள்.

"ஃபேனை நிறுத்தச் சொல்லிட்டான்னா பாத்துக்கோயேன், அந்த அலட்டல்" என்றேன்.

"ஃபேனையா?"

"ஆமா. கழுத்துல துண்டு வேற."

அவள் பக்கம் சீரியல் சத்தம் நின்றது. "ஏங்க, அவருக்கு இன்னைக்கு சேலத்துல கச்சேரிங்க. ஒரு வாரமா விளம்பரம் வருது. கச்சேரி அன்னைக்கு அவரு ஃபேன் காத்துலகூட உக்கார மாட்டாரு. எந்த டூப்புங்க தொண்டையைப் பாத்துக்குவான்?"

மூக்கைப் பற்றி நான் சொன்னது நினைவுக்கு வந்தது.

"சரி, அவருகிட்ட என்ன பேசுனீங்க? ஏதாச்சும் பேசுனீங்களா, இல்ல சோப்பு கதைதானா?"

என்ன பேசினேன் என்று சொன்னேன். சொல்லாமல் தப்பிக்க வேறு கதை எதுவும் அவசரத்துக்குக் கிடைக்கவில்லை. பூட்டு, வணக்கம், புத்தகம், ஞாயிற்றுக்கிழமை எல்லாம். அவரிடம் சொன்னபோது இருந்த சரளம் இப்போது இல்லை. நடுவில் இருமினேன். அவள் ஊம் கொட்டக்கூட இல்லை. லைன் போய்விட்டதோ என்று ஒரு முறை காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். போகவில்லை.

"பையன் எந்திரிச்சுட்டான். வெக்கறேன்" என்றாள்.

அன்றிரவு அவளிடமிருந்து ஒரு படம் மட்டும் வந்தது. கச்சேரிக்கு முன்னால் மண்டபத்து வாசலில் யாரோ எடுத்துப் போட்டது. அதே கட்டம் போட்ட சட்டை, அதே துண்டு. மறுநாள் கச்சேரி வீடியோவைத் தேடிப் பிடித்து, பாட்டுகளுக்கு நடுவே அவர் பேசியதையெல்லாம் கேட்டேன். ரசிகர்களுக்கு நன்றி சொன்னார், மழை வேண்டினார். தர்மபுரிப் பக்கம் ஒரு கிறுக்கனைப் பார்த்தேன் என்றாவது சொல்வார் என்று நினைத்தேன். இல்லை. தினசரிப் போன் அந்த வாரம் வழக்கம்போல ரசத்தைச் சுற்றியே நடந்தது. சொன்னதால் ஒன்றும் ஆகவில்லை, சொல்லாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

வெள்ளிக்கிழமை, "நாளைக்கு வரேன். பஸ் ஸ்டாண்டுக்கெல்லாம் வர வேண்டாம், எங்கிட்ட சாவி இருக்குது" என்றாள்.

சனிக்கிழமை நான் அலுவலகம் விட்டு வந்தபோது கதவு திறந்திருந்தது. புத்தகங்கள் கட்டிலிலிருந்து அலமாரிக்குப் போயிருந்தன. திங்கட்கிழமை காலை பஸ்ஸுக்கு அவள் திரும்ப வேண்டும். அதற்குமேல் மகளுக்கு லீவு இல்லை. அடுத்து எப்போது என்று கேட்க வாயெடுத்தேன். "மாசம் ரெண்டு சனி ஞாயிறு அவங்க பாத்துக்குவாங்களாம். சொல்லிட்டு வந்திருக்கேன்" என்றாள், துணி மடித்துக்கொண்டே. நான் கேட்க நினைத்தது அதைவிடப் பெரிது. கிடைத்தது இவ்வளவு. சரி என்றேன்.

ஞாயிறு மதியம் அவளே, "அந்த ஓட்டலுக்குப் போலாமா?" என்றாள். ஸ்கூட்டரில் பின்னால் அவள் கனம் இருந்ததால் வண்டி வேறு மாதிரி ஓடியது. அவர் உட்கார்ந்த நாற்காலியைக் காட்டினேன். அதில் உட்காராமல், நான் உட்கார்ந்த நாற்காலியில் உட்கார்ந்து எதிரே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சாப்பிட்டோம். யாரும் வருகிறார்களா என்று நான் வாசலைப் பார்க்கவில்லை.

வெளியே வரும்போது பாய் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"சார், இவுங்க...?"

"வூட்லங்க" என்றேன்.

"அட!" பாய் கல்லாவை விட்டு எழுந்தேவிட்டார். "வாங்கம்மா, வாங்க. கோச்சுக்காதீங்க, ஞாயித்துக்கெழமையானா ஒத்தையா வந்து குந்தியிருப்பாருங்களா, சாருக்கு யாருமே இல்லைன்னுல்ல நாங்க நெனச்சிட்டு இருந்தோம்."

அவள் தட்டிலிருந்து கொஞ்சம் சோம்பு எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"அவரும் அப்பிடித்தாங்க நெனச்சிட்டு இருந்தாரு" என்றாள்.